கொப்பி ஏன் பறக்குது?

நாங்கள் இருக்கிற போடிங் வீட்டில் பின்னேரம் ஐந்தரை மணி ஆனால் கொப்பி பறக்கும். முதலில் கொப்பி, பிறகு பென்சில் பெட்டி, சில நாட்களில் தண்ணிப் போத்தலும் சேர்ந்து. எறிகிறவருக்கு வயது ஏழு. வீட்டுக்கார அக்காவின் ஒரே மகன். மூன்றரை வயதில் அவனுக்கு ஓட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். கதைப்பது குறைவு. ஆனால் ஒருமுறை கேட்ட பாட்டின் மெட்டைப் பிசகாமல் முனகுவான். றோட்டில் வருகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்தே இ.போ.ச. பஸ் என்றால் "சிவப்பு" என்பான். பெரும்பாலும் பிழைக்காது.

மேல் அறையில் நாங்கள் மூன்று பேர். கீழே சத்தம் தொடங்கினால் கதவைச் சாத்திவிட்டுப் படிப்பதுபோல இருப்போம். முதல் ஆறு மாதமும் நாங்கள் செய்த உதவி அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மாமியிடம் இதற்கு மருந்து இருந்தது. அடியாத மாடு படியாது, வேலியில பூவரசந்தடி இருக்குத்தானே என்பார். அக்கா அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தியவர். "அடிச்சா இன்னும் கூட எறியிறான். பிறகு இரவு முழுக்க எனக்குத்தான் நித்திரையில்லை" என்றார் ஒருநாள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வீட்டுக்கு யார் சுற்றறிக்கை விடுவது?

பிறகொருநாள் அக்கா மேலே ஏறி வந்தார். "பிள்ளையள், நீங்கள் கம்பஸில உதெல்லாம் படிக்கிறியள்தானே. ஏபிஏ எண்டு ஒண்டு இருக்காம். அதை வீட்டில என்னண்டு செய்யிறது?" ஒரு தனியார் நிலையத்தில் கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று சொல்லி, ஒரு துண்டில் மாதக் கட்டணத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகை அண்ணா கட்டாரிலிருந்து அனுப்புகிற காசில் பாதிக்கு மேல்.

நாங்கள் படித்ததுதான். கலைப்பீடத்தில் கல்வி உளவியல் பாடத்துக்குப் பாவ்லோவின் நாயையும் ஸ்கின்னரின் எலியையும் பாடமாக்கி, எழுதி, புள்ளியும் எடுத்திருந்தோம். கீழ்வீட்டுக்கும் அந்த எலிக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்துதான் தொடங்குகிறது. நாங்கள் சிகிச்சையாளர்கள் இல்லை என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

ஏபிஏ என்பது பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு. பெயர்தான் பெரிது, அடிப்படை சின்னது. ஒரு செயலுக்கு முன்னால் என்ன நடந்தது, செயல் என்ன, அதற்குப் பின்னால் என்ன கிடைத்தது என்று பார்ப்பது. பின்னால் கிடைத்தது பிடித்திருந்தால் செயல் திரும்ப வரும். பாடப்புத்தகத்தில் மீளவலியுறுத்தல் என்று வருவது இதுதான். ஸ்கின்னர் 1953 இல் தன் மகளின் கணித வகுப்பில் ஒரு தகப்பனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். கெதியாக முடித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், தெரியாத பிள்ளைகள் முழிக்கிறார்கள், செய்தது சரியா பிழையா என்று ஒருவருக்கும் உடனே தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் பதில் காட்டும் ஒரு கற்பித்தல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். எங்கள் விரிவுரைக் குறிப்பில் எலி இருந்தது, இந்த மகள் இருக்கவில்லை.

இந்த முறையைப் பிள்ளைகளோடு எப்படிச் செய்தார்கள் என்று தேடியபோது 1964 இல் வெளிவந்த ஒரு கட்டுரை கிடைத்தது. வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் என்ற மூவர் எழுதியது. டிக்கி என்று மட்டும் பெயர் சொல்லப்படும் மூன்றரை வயதுப் பெடியன். கண்ணில் கற்றாரக்ட் வந்து வில்லையை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும், அவனோ கண்ணாடியைக் கிட்டவும் விடான். அவர்கள் கண்ணாடியை அவன் முகத்தில் திணிக்கவில்லை. வில்லை இல்லாத வெறும் சட்டங்களை அறையில் அங்குமிங்கும் வைத்தார்கள். ஒன்றைத் தொட்டால் ஒரு பரிசு, கையில் எடுத்தால் ஒன்று, தூக்கிக்கொண்டு நடந்தால் ஒன்று, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஒன்று. கடைசியில் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தான். தாய் தகப்பனையும் பழக்கி வீட்டிலும் தொடர வைத்தார்கள்.

அதே கட்டுரையில் எங்களுக்குத் தொண்டையில் சிக்கிய விடயமும் உண்டு. இனிப்பும் பழமும் போதாமல் போனபோது அவனுடைய காலைச் சாப்பாட்டையே வாய்வாயாகப் பரிசாக்கினார்கள். பார்வையைக் காப்பாற்றத்தான். என்றாலும் பசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்குப் படிப்பிப்பது. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் இந்த முறையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம்.

ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் மூன்று கோடு போட்டு அக்காவிடம் கொடுத்தோம். முன், செயல், பின். இரண்டு கிழமைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கோ அக்கா என்றோம். "கோபத்தில் எறிந்தான்" என்று எழுதக்கூடாது. கோபம் எங்கள் ஊகம், கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். இது சொல்ல இலேசு. முதல் பக்கம் முழுக்க "குழப்படி", "அடம்", "சொல்வழி கேக்கேல்லை" என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள்தான் "படலையில் இருந்து கூட்டி வந்தன், கொப்பி திறந்தன், அ முதல் ஒரு பக்கம் எழுதச் சொன்னன், கொப்பியை எறிந்தான், நான் கத்தினன், அம்மம்மா படலைக்குக் கூட்டிக்கொண்டு போனா" என்று வந்தது.

இரண்டு கிழமை முடிய நாங்கள் நாலு பேரும் குசினி மேசையில் இருந்து அதை வாசித்தோம். எறிதல் நடந்த நாளெல்லாம் ஒரே மாதிரித்தான். பஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறவனைப் படலையில் இருந்து இழுத்து வந்திருக்கிறோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் ஓடும். முன்னால் ஒரு முழுப் பக்கம். கொப்பி பறந்ததும் அக்கா கத்துவார், அம்மம்மா "விடு பிள்ளை, பாவம்" என்று தூக்கிக்கொண்டு படலைக்குப் போவார். ஞாயிறு காலமை எழுதும்போது ஒருமுறையும் எறியவில்லை. மோட்டரும் இல்லை, பஸ்ஸும் குறைவு.

கொப்பியை எறிந்தால் பஸ் பார்க்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய இடத்தில் இருந்தால் நாங்களும் எறிந்திருப்போம். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப நாங்கள்தான் எறியப் பழக்கியிருக்கிறம்" என்றார்.

பெற்றோர் இந்த முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது முதலில் இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். பரிசு, புள்ளி, ஸ்டிக்கர் எல்லாம் பிறகு. இந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்ற கேள்வியில் இருந்து, இந்த ஐந்தரை மணிக்கு என்ன பிரச்சினை என்ற கேள்விக்கு வருவது. இதற்கு நிலையமும் தேவையில்லை, கட்டணமும் தேவையில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டுமானதும் இல்லை. கணிதக் கொப்பியைக் கண்டால் வயிற்றுவலி வருகிற எத்தனை பேரை எங்கள் வகுப்புகளில் கண்டிருக்கிறோம்? வலி வந்தால் என்ன கிடைத்தது என்று ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பிழை விட்டோம்.

எறிந்தால் படலை இல்லை என்று அம்மம்மாவைத் தடுத்தோம். எழும்பாமல், சத்தம் போடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு துண்டு சொக்லேட். வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றால் அந்தச் செயல் குறைவதற்கு முன் ஒருமுறை பலமாக எழும்பும் என்று பாடத்தில் இருந்தது. நாங்களே அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். அக்காவுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் தண்ணிப் போத்தல் அக்காவின் நெற்றியில் பட்டது. வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாக ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் கிழமை அவன் இருந்தான். பத்து நிமிடம், கை மடியில், சத்தமே இல்லை. நாங்கள் வீடியோகூட எடுத்தோம். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு "பாத்தியளே, வசத்துக்கு வந்திட்டான்" என்றார். அம்மம்மாதான் வேறொன்றைக் கவனித்தவர்.

"பிள்ளை இப்ப முனகிறேல்லை. கவனிச்சனீங்களோ?"

நாங்கள் கவனிக்கவில்லை. சத்தம் போடாமல் இருந்தால் சொக்லேட் என்று நாங்கள்தான் வைத்தோம். அவன் கெட்டிக்காரன், விளங்கிக்கொண்டான். கொப்பி நேரத்தில் மட்டும் இல்லை, நாள் முழுக்கவே பாட்டு நின்றுவிட்டது. எழுத்து? அந்தப் பத்து நிமிடத்தில் அவன் எழுதியது மூன்று எழுத்து. அவன் எங்கள் கையில் இருந்த சொக்லேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவரசந்தடி கேட்டதைத்தான் நாங்களும் கேட்டிருக்கிறோம். அசையாதே, சத்தம் போடாதே, சொன்னதைச் செய். தடியின் இடத்தில் சொக்லேட் இருந்தது, அவ்வளவுதான்.

இது எங்களுடைய சின்ன வீட்டுப் பிழை மட்டும் இல்லை. இந்தத் துறையின் பெரிய பிழையும் இதே சாயலில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவில் லோவாஸ் 1987 இல் வெளியிட்ட ஆய்வுதான் ஏபிஏயை உலகறியச் செய்தது. கிழமைக்கு 40 மணித்தியாலம், இரண்டு வருடத்துக்கு மேல், 19 பிள்ளைகள். அதில் 9 பேர் நுண்ணறிவுச் சோதனையிலும் முதலாம் வகுப்பிலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே தேறினார்கள் என்றது ஆய்வு. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அந்த 40 என்ற இலக்கம் இன்றைக்கும் எத்தனையோ பெற்றோரைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த ஆய்வில் உரத்து "இல்லை" என்று கத்துவதும் தொடையில் அறைவதும் முறையின் பாகமாக இருந்தன. அதற்கு முன், 1960களில், மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1965 இல் லைஃப் சஞ்சிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. நோக்கம் என்னவென்றால், பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடம் இருந்து பிரித்தறிய முடியாமல் ஆக்குவது. அமெரிக்காவில் ஒரு நிலையத்தில் மின் அதிர்ச்சிக் கருவி அண்மைக்காலத்திலும் இருந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2020 இல் தடை செய்ய, 2021 இல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கமே அதை எதிர்த்து நிலைப்பாடு எடுத்தது 2022 இல்தான்.

ஓட்டிசம் உள்ளவர்கள் வளர்ந்து, தாங்களே எழுதத் தொடங்கிய பிறகு இந்த முறையைப் பற்றிச் சொல்வதை எங்கள் பெற்றோர் குழுக்களில் யாரும் பகிர்வதில்லை. கண்ணைப் பார், கையை உதறாதே என்று பழக்கியதால் தங்களுக்குள் ஒளித்துக்கொண்டு வாழப் பழகினோம் என்கிறார்கள் பலர். முனகல் நின்றபோது எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கையை உதறுவதால் யாருக்கு என்ன நட்டம்? சொந்தக்காரர் வரும்போது எங்களுக்கு வெட்கம், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாம் என்று சொல்கிறவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. எறிவதற்குப் பரூவரசந்தடி திரும்ப வந்துவிடும், வேறொன்றும் வராது. மூன்று கோடு போட்ட கொப்பி எங்களுக்கு உண்மையைச் சொன்னது. அந்த உண்மையை வைத்து நாங்கள் கேட்ட கேள்விதான் பிழை. அவனை எப்படி இருக்க வைப்பது என்று கேட்டோம். எறிவதன் மூலம் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும்.

1985 இல் கார், டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். வேலை கடினமாக இருப்பதால் குழப்படி செய்கிற பிள்ளைக்கு உதவி கேட்கப் பழக்கினால், கவனிப்புக்காகச் செய்கிற பிள்ளைக்குக் கவனிப்பைக் கேட்கப் பழக்கினால், குழப்படிக்கு வேலை இல்லாமல் போகிறது. எங்கள் வீட்டில் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல்தான். "போதும்."

சொக்லேட்டை நிறுத்தினோம். மோட்டர் ஓடுகிற நேரத்தை விட்டுவிட்டு ஆறேகாலுக்கு மாற்றினோம். படலை முதலில், கொப்பி பிறகு. ஒரு பக்கம் இல்லை, ஐந்து எழுத்து. முதலில் அக்கா அவன் கையைப் பிடித்து உள்ளங்கையை மேசையில் வைத்து "போதும்" என்று சொல்லிக் காட்டுவார், உடனே கொப்பியை மூடுவார். பிறகு கையைத் தொட்டால் போதும், பிறகு பார்த்தாலே போதும் என்று உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அவனே முதன்முதல் சொன்ன நாள் ஒரு எழுத்துக்கு ஒருதரம் "போதும்" என்றான். அக்கா பயந்துவிட்டார், "இப்பிடியே விட்டா ஒண்டும் படிக்கமாட்டானே." அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவன் கண்டால் கொப்பி திரும்பப் பறக்கும். ஒவ்வொரு தடவையும் மூடினோம். இரண்டு நிமிடம், திரும்பத் திறப்பு. ஒரு மாதம் போக, ஐந்து எழுத்தும் முடியத்தான் உள்ளங்கை மேசைக்கு வந்தது. அதற்குள் எங்களில் ஒருத்தி பஸ் பெயர்ப்பலகைகளை எழுதும் யோசனை சொன்னாள். அ, ஆ வரிசை கிடக்கட்டும், "பருத்தித்துறை" எழுதுவோம். துவைத்துப்போட்ட சட்டைபோல ஒரு "ரு" வரும், ஆனால் வரும். முனகலும் திரும்பி வந்துவிட்டது. இப்போதும் சில நாள் எறிகிறான். போன கிழமை காய்ச்சலோடு இரண்டு நாள் எறிந்தான்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுத்தால் சைக்கிள் என்று எங்கள் எல்லாருக்கும் சொன்னார்கள்தானே. 1973 இல் அமெரிக்காவில் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். படம் கீறுவதில் ஏற்கெனவே ஆசையான பிள்ளைகள். கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முதலே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது முன்னரைவிடக் குறைவாகவே கீறினார்கள். பிள்ளைக்கு அறவே முடியாத ஒன்றைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவும். ஆசையாகச் செய்கிற ஒன்றுக்கு விலை போட்டால் ஆசை போய்விடும். பஸ் பெயருக்கு நாங்கள் ஒன்றும் கொடுப்பதில்லை.

இனிக் கொஞ்சம் கோபமான விடயம். இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. பெற்றோரே வீட்டில் நடத்தும் ஆரம்பகாலப் பயிற்சி பற்றியும் இங்கேயே ஆய்வு நடந்து 2016 இல் வெளிவந்திருக்கிறது. லோவாஸின் குழுவே 1973 இல் ஒன்றை எழுதியது. சிகிச்சைக்குப் பிறகு நிறுவனங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் கற்றதை இழந்தார்கள், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்த வீடுகளுக்குப் போன பிள்ளைகள் தொடர்ந்து முன்னேறினார்கள். ஆக, வீடு முக்கியம் என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டமே வைத்திருக்கிறது. ஒன்பது குழு அமர்வு, மூன்று வீட்டு வருகை. நிபுணர் இல்லாதவர்களும் நடத்தக்கூடிய விதமாகத்தான் அமைத்திருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் படியேறாத வீடு எங்கள் ஊரில் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில், முன்பள்ளிகளில், எங்கள் தமிழில், இதை ஏன் நடத்த முடியாது? கல்வியியல் படிக்கிற எங்களைப் போன்றவர்களை மூன்று மாதம் அதற்கு அனுப்பினால் என்ன? எலியைப் பாடமாக்குவதைவிட அது பிரயோசனம்.

ஆனால் "வீட்டில் செய்யுங்கோ" என்று சொல்வதிலும் ஒரு களவு இருக்கிறது. வீடு என்றால் யார்? எங்கள் போடிங்கில் வீடு என்றால் அக்கா மட்டும்தான். சமையல், எங்கள் மூன்று பேரின் சாப்பாடு, அம்மம்மாவின் பிரசர் குளிசை, தையல், அதற்கு மேல் இப்போது கொப்பியில் கோடு போட்டுக் குறிப்பும் எழுத வேண்டும். பிள்ளை முன்னேறாவிட்டால் நீ ஒழுங்காகச் செய்யவில்லை என்று இன்னொரு குற்றமும் தலையில் விழும். அண்ணா வீடியோ கோலில் வந்து "இண்டைக்கு எத்தனை எழுத்து?" என்று மட்டும் கேட்பார். இரண்டு மாதமாக அண்ணாவுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். ஞாயிறு காலமைக் கொப்பி அவருடையது. அங்கே பஸ் சாரதியாகத்தான் வேலை என்பதால் மகனுக்கு அவர் இப்போது பெரிய ஆள். வெள்ளிக்கிழமைக் குறிப்பு எழுதுவது எங்கள் முறை, அன்றைக்கு அக்கா கோயிலுக்குப் போய் ஆறுதலாக வருவார்.

போன செவ்வாய் குறிப்பை வாசித்தபோது "செயல்" என்ற நிரலில் அவனுடைய பெயருக்குப் பதிலாக வேறொன்று இருந்தது. அக்கா தன்னைப் பற்றி எழுதியிருந்தார். முன்: "காலமை இருந்து சாப்பிடேல்லை, காஸ் முடிஞ்சுது." செயல்: "பிள்ளைக்குக் கத்திப்போட்டன்." பின் என்ற நிரலில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நாங்கள் கீழே இறங்கிப்போய் பிளேன்ரீ போட்டோம்.